கொறடா கொடுத்த ஜோடி

கொறடா வேலைக்கு வந்த ஏழு வருஷத்தில் ஒரு வாக்கெடுப்பில்கூட அவர் தோற்றதில்லை. அதைத் தானாக யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். வேறு யாராவது சொன்னால் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டு நிற்பார்.

அந்த வேலையைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாது. மேடையில் பேசுகிறவர்கள் பேசுவார்கள். மந்திரிகள் கோப்பில் கையெழுத்துப் போடுவார்கள். மணி அடித்து வாக்கெடுப்பு என்று வந்துவிட்டால், தன் கட்சி உறுப்பினர் அத்தனை பேரையும் சரியான அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது கொறடாவின் பொறுப்பு. அந்த அவையில் பொத்தான் கிடையாது. கையைத் தூக்குவதும் கிடையாது. எழுந்து நடக்க வேண்டும். மண்டபத்துக்கு வலது பக்கம் ‘ஆம்’ அறை, இடது பக்கம் ‘இல்லை’ அறை. மணி நின்றதும் இரண்டு கதவையும் பூட்டிவிட்டு உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுவார்கள். வெளியே நிற்பவர் கட்சித் தலைவரே ஆனாலும் வெளியேதான்.

ஆள் சேர்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மணி அடிக்கிற நேரம் பார்த்து யாருக்கு வயிற்றைக் கலக்கும், யார் லிஃப்டில் மாட்டிக்கொள்வார், யாருடைய மாமியாருக்குத் திடீரென்று சீரியஸாகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓர் உறுப்பினரின் மாமியார் ஒரே கூட்டத்தொடரில் மூன்று தடவை சீரியஸானபோது கொறடா பழக்கூடையோடு அந்த அம்மாளைப் பார்க்கப் போய்விட்டார். அந்த அம்மாள் ஏணியில் ஏறி ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த உறுப்பினர் முதல் மணிக்கே வந்து நிற்பார்.

கொறடாவின் மனைவியும் அதே அவையில், அதே கட்சியில் உறுப்பினர். தொகுதியில் அவளைக் கண்ணாடிக்காரம்மா என்பார்கள். அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பத்து வருஷம் நடத்தியவள். இப்போதும் மனு கொடுக்க வருகிறவர்கள் மனுவோடு கால் உடைந்த கண்ணாடியையும் நீட்டுவார்கள். அவள் இரண்டையும் வாங்கிக்கொள்வாள். கண்ணாடி அன்றைக்கே சரியாகிவிடும். மனுவுக்குத்தான் நாளாகும்.

அரசின் முடிவுகளை எதிர்த்துச் சுற்றுச்சூழல் குழுக்கள் கோர்ட்டுக்குப் போவது ஆளுங்கட்சியான கொறடா கட்சியின் தலைவருக்கு ஆகாத விஷயம். சாலையோ, அணையோ, குப்பைக் கிடங்கோ, எதைத் தொட்டாலும் எவனாவது ஒருவன் வழக்கோடு வந்து நிற்கிறான் என்பார். அந்தக் குழுக்களின் கையைக் கட்ட இந்த ஆட்சியில் நான்கு மசோதாக்கள் வந்தன. வழக்குப் போடும் கெடுவைக் குறைத்தது ஒன்று. தோற்றால் அரசின் வக்கீல் செலவையும் குழுவே கட்ட வேண்டும் என்றது இன்னொன்று. மற்ற இரண்டும் அதே ரகம். நான்குக்கும் கண்ணாடிக்காரம்மா மறுபேச்சு இல்லாமல் ‘ஆம்’ அறைக்குள் போயிருந்தாள்.

அவளுடைய ஊரில் ஆற்றுக் குழு என்று ஒன்று உண்டு. பேக்கரிக்காரர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், ரிட்டயரானவர்கள் நான்கைந்து பேர். யார் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று எல்லா உறுப்பினர்களின் பெயரையும் போட்டு அவர்கள் ஒரு போஸ்டர் அடித்து, அவளுடைய அலுவலகத்துக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தார்கள். குழுக்களுக்கு எதிரான ஓட்டுக்குச் சிவப்புப் புள்ளி. அவள் பெயருக்கு நேரே நான்கு புள்ளிகள்.

கொறடாவுக்கு அந்தப் போஸ்டரைப் பார்த்துப் பெருமையாகத்தான் இருந்தது.

“வரிசை எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு,” என்றார் அவளிடம்.

“எனக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு,” என்றாள் அவள்.

ஐந்தாவது மசோதா வந்தது. இது மற்ற நான்குக்கும் அண்ணன். குழு என்ற பெயரில் இனி யாரும் அரசின் மேல் வழக்கே போட முடியாது. தன் வீடோ நிலமோ நேரடியாகப் பாதிக்கப்பட்ட தனி ஆள் மட்டும் போடலாம். அதற்கும் முன்பணம் கட்ட வேண்டும். ஆளுங்கட்சிக்கு நாற்பத்திரண்டு பேர், எதிர்க்கட்சிக்கு நாற்பது பேர். கொறடாவுக்கு அதில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் மதியம், அவை கேன்டீனில் எதிர்க்கட்சிக் கொறடா அவர் மேஜைக்கு வந்தார். அவரை எல்லோரும் குடைக்காரர் என்பார்கள். வெயிலோ மழையோ, கட்டடத்துக்குள்ளேயும் கையில் குடை இருக்கும்.

“எங்க மூத்த மெம்பர் பெரியவருக்கு நாளைக்கு ஆபரேஷன்,” என்றார் குடைக்காரர். “பித்தப்பையில கல்லு. தள்ளிப்போட முடியாதுன்னுட்டாங்க. ஒரு ஜோடி கொடுங்க.”

“நிஜக் கல்லா, வாக்கெடுப்புக் கல்லா?”

“ஸ்கேன் வேணா கொண்டாந்து காட்டட்டுமா?”

ஜோடி என்பது இரண்டு கொறடாக்களுக்கு நடுவில் மட்டும் நடக்கிற ஏற்பாடு. அந்தப் பக்கம் ஒருவர் வர முடியாமல் போனால், இந்தப் பக்கமும் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்வார். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். எந்த விதிப்புத்தகத்திலும் இது இல்லை. எழுதி வாங்குவதில்லை, சாட்சி கிடையாது. வாயால் சொல்லிக் கைகொடுத்தால் முடிந்தது. அவர்கள் இருவரும் அவைக்குள் ஒருவரையொருவர் கிழி கிழி என்று கிழித்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு நடுவில் ஒரு ஜோடிகூட உடைந்ததில்லை.

கொறடா யோசித்தார். மசோதா வந்ததிலிருந்து மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டால் அவளுக்கும் நிம்மதி, தனக்கும் நிம்மதி.

“கொடுத்தேன். என் வீட்டம்மா.”

குடைக்காரர் சிரித்துவிட்டார். “உங்க ஜோடியையே எங்களுக்கு ஜோடியாக் கொடுக்கறீங்க. அவங்களைக் கேட்டாச்சா?”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

கைகொடுத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் எந்த உறுப்பினரையும் கேட்காமல் அவர் பெயரை ஜோடிக்குக் கொடுத்ததில்லை. இது வீடுதானே என்று கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் சாப்பாட்டு மேஜையில் யாருடைய கண்ணாடியையோ பிரித்து வைத்துக்கொண்டு, விரல் நீளமுள்ள ஸ்குரூ டிரைவரால் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு உனக்கு லீவு,” என்றார்.

“எதுக்கு?”

“அந்தப் பக்கத்துப் பெரியவருக்கு ஆபரேஷன். ஜோடி கேட்டாங்க. உன் பேரைக் கொடுத்துட்டேன். நீ வர வேண்டாம். போஸ்டர்ல புள்ளியும் விழாது, கட்சியில கேள்வியும் வராது. எப்படி?”

அவள் நிமிரவில்லை. “யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?”

“இப்பக் கேக்கறேன்ல?”

“இதுக்குப் பேரு கேக்கறதா? பஸ் போனப்புறம் டிக்கெட் நீட்டற மாதிரி இருக்கு.” திருகாணி கிடைத்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “நான் நாளைக்கு வர்றேங்க. ‘இல்லை’ அறைக்குத்தான் போறேன்.”

“விளையாடாதம்மா.”

“விளையாடல. எங்க ஊர்க் குவாரி விஷயமா நான் மந்திரியப் போய்ப் பாத்தேனே, ஞாபகம் இருக்கா?”

அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஊருக்கு மேலே பழைய கல்குவாரியில் குப்பை கொட்ட அரசு அனுமதி கொடுத்திருந்தது. கீழே குடிநீர் பம்ப் ஹவுஸ். ஒரு மழைக்காலம் போனதும் குழாய்த் தண்ணீர் நாற ஆரம்பித்தது.

“நான்தானே அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுத்தேன்,” என்றார்.

“எத்தனை தடவை?”

“அஞ்சாறு தடவை இருக்கும்.”

“ஒவ்வொரு தடவையும் டீ கொடுத்தார். நல்ல டீ. பரிசீலனையில இருக்குன்னார். ஆளுங்கட்சி மெம்பர், கொறடா பெண்டாட்டி, எனக்கே கிடைச்சது டீதான். அந்தப் பேக்கரிக்காரர் ஒரே ஒரு தடவை கோர்ட்டுக்குப் போனார். மண்ணைச் சோதிச்ச ரிப்போர்ட்டக் காட்டுங்கன்னு ஜட்ஜ் கேட்டார். சோதிச்சிருந்தாத்தானே காட்டறதுக்கு? அனுமதி ரத்து. இப்பக் குழாயைத் திறந்தா நாத்தம் இல்ல.”

“சரி, அது நல்ல கேஸ். எல்லாக் கேஸும் அப்படியா இருக்கு? வேணும்னே இழுத்தடிக்கிறவன் இல்லையா?”

“இருக்கான். எது நல்ல கேஸ், எது வெட்டிக் கேஸுன்னு சொல்லத்தான் ஜட்ஜ் உக்காந்திருக்கார். வாசலையே அடைச்சிட்டா அவர் எதைப் பாத்துச் சொல்லுவார்?”

கொறடா தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

“இன்னொண்ணு தெரியுமா?” என்றாள். “அந்தப் பேக்கரிக்காரர் வீட்டுக்கு அந்தக் குழாய்த் தண்ணியே வர்றதில்ல. அவருக்கு போர் தண்ணி. நாளைக்கு இந்தச் சட்டம் வந்துட்டா, உன் வீடா போச்சு, உன் நிலமா போச்சு, உனக்கென்னய்யா வந்துச்சுன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. நாத்தத் தண்ணி குடிச்ச சனத்துக்கு முன்பணம் கட்ட ஏது வழி?”

“அடுத்த தடவை உனக்கு சீட்டுக் கொடுக்க மாட்டாங்க.”

“கடை இருக்கு.”

“கடையை வித்து ரொம்ப நாளாச்சு.”

“ஸ்குரூ டிரைவர் இருக்கு.”

“என் மானம் போகும். ஊரையெல்லாம் இழுத்துக்கிட்டு வர்றவன், வீட்டு ஓட்ட விட்டுட்டான்னு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். முதல்ல என் பேரைத் திருப்பி வாங்கிட்டு வாங்க.”

“கொடுத்த ஜோடியத் திருப்பி வாங்க முடியாது. அந்த மனுஷன் இந்நேரம் ஆஸ்பத்திரியில படுத்திருப்பார்.”

“அப்ப வேற ஆளக் கொடுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் கோபத்தோடு சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. ஏழு வருஷமாக ஓடி ஒளிகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார். நாளைக்கு நான் எதிராகப் போடப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே வந்து சொன்ன உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இவள்தான் முதல். அதுவும் கையில் திருகாணியை வைத்துக்கொண்டு, காய்கறி விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அவர் தலைவரின் அறைக்குப் போய் நின்றார். இப்படிப்பட்ட விஷயத்தை மறைப்பது கொறடாவுக்கு அழகில்லை.

“உங்க வீட்டுலயேவா?” என்றார் தலைவர்.

“ஆமாங்க. நேத்தே சொல்லிட்டாங்க. நம்ம பக்கம் நாற்பத்தொண்ணு ஆகும். அவங்க பக்கம் பெரியவர் குறையறார், எங்க வீட்டம்மா சேர்றாங்க. அதனால அதே நாற்பதுதான்.”

“ஒரு ஓட்டுல ஜெயிச்சிடுவோம். அப்புறம் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?”

“பெரியவருக்கு நான் ஜோடி கொடுத்திருக்கேன். நம்மள்ல ஒருத்தர் ஒதுங்கணும். ஒதுங்கினா நாற்பதுக்கு நாற்பது. சமமா வந்தா இருக்கற சட்டம் அப்படியே இருக்கட்டும்னுதான் அவைத்தலைவர் போடுவார். அதான் இங்க வழக்கம்.”

“ஜோடியா யாரைக் கொடுத்தீங்க?”

“எங்க வீட்டம்மாவத்தான்.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அவங்கதான் அந்தப் பக்கமே போறாங்களே. அப்புறம் என்னய்யா ஜோடி? அவங்களுக்கு லாபம்தான். கணக்குத் தீந்துபோச்சு.”

“நம்ம ஆள் ஒருத்தர் ஓட்டுப் போட மாட்டாங்கன்னு நான் சொன்னேன். யாரும் ஒதுங்கலைன்னா நான் சொன்னது பொய்யாயிடும்.”

“எழுதிக் கொடுத்தீங்களா?”

“இல்ல.”

“அப்ப விடுங்க. யாரும் ஒதுங்க வேண்டாம். எல்லாரையும் உள்ள தள்ளிட்டு நீங்களும் உள்ள போங்க. உங்க வீட்டம்மா விஷயத்தை நாளைக்குப் பேசிக்கலாம்.”

வெளியே வந்தவருக்குத் தலைவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. குடைக்காரரே வந்து நியாயம் கேட்டாலும் அந்தப் பதிலைச் சொல்லித் தப்பித்துவிடலாம். அதுதான் அவரை உறுத்தியது. தப்பிப்பதற்குத் தோதாகப் பதில் வைத்திருக்கிறவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களும் அவர்கள்தான்.

சாயங்காலத்துக்கு முன் மணி அடித்தது.

முதலில் தன் வேலையைச் செய்தார். கேன்டீனிலிருந்து இரண்டு பேரைக் கிளப்பினார். கழிவறைக் கதவைத் தட்டி ஒருவரை வெளியே எடுத்தார். தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தோளைத் தொட்டு எழுப்பினார். தலைவர் உட்பட ஒவ்வொருவராக ‘ஆம்’ அறைக்குள் போனார்கள். கதவருகே நின்று எண்ணினார். நாற்பது. அவரும் போனால் நாற்பத்தொன்று.

திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் இன்னும் எழுந்து பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மூன்றாவது வரிசையிலிருந்து இறங்கி, மண்டபத்தின் நடுவில் எல்லோர் கண்ணும் படும்படி, இடது பக்கமாக நடந்துகொண்டிருந்தாள்.

‘ஆம்’ அறைக் கதவுக்குள்ளே கடைசியாக நின்ற இளம் உறுப்பினர் ஒருவர் குரல் கொடுத்தார். “அக்கா, கண்ணாடி மாத்திப் போட்டுக்கிட்டீங்களா? அது ‘இல்லை’ ரூம்.”

“பவர் சரியாத்தான் இருக்கு தம்பி,” என்றாள் அவள், நடையை நிறுத்தாமல்.

எதிர்க்கட்சியிலேயே இன்னும் ஒருவரும் அந்த அறைக்குள் போயிருக்கவில்லை. அவள்தான் முதல் ஆளாக உள்ளே போனாள். கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து போயிருக்கலாம். கடைசி நிமிஷத்தில் நழுவியிருக்கலாம். அவருக்குத் தெரிந்த அத்தனை தந்திரமும் அவளுக்கும் தெரியும். ஒன்றைக்கூட அவள் தொடவில்லை.

கொறடாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எதிர் அறைக்குள் போன ஒருத்தியைப் பார்த்து ஒரு கொறடாவுக்கு நெஞ்சு நிமிரக் கூடாது. ஆனால் நிமிர்ந்தது.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ‘ஆம்’ அறையின் காவலர் கதவில் கை வைத்தபடி நின்றார்.

“வர்றீங்களா சார்?”

எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர், தன் இடத்துக்கு இங்கே ஒருவர் ஒதுங்கியிருக்கிறார் என்று நம்பி மயக்க ஊசிக்குக் கையை நீட்டியிருப்பார். மனைவி தலைவாசல் வழியாக நடந்து போயிருக்கிறாள். தான் மட்டும் சந்து வழியாகப் போவதா?

“மூடுங்க,” என்றார்.

“சார், நீங்க...”

“நான் ஒதுங்கியிருக்கேன். மூடுங்க.”

மணி நின்றது. பூட்டு விழுந்தது. காலியான மண்டபத்தில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வாக்கெடுப்பு நேரத்தில் அந்த மண்டபத்தை உள்ளேயிருந்து அவர் பார்த்ததே இல்லை. விளக்குகள் அதிகம் என்று தோன்றியது.

நாற்பதுக்கு நாற்பது. அவைத்தலைவர் எழுந்து, இரு பக்கமும் சமமாக இருப்பதால் வழக்கப்படி இருக்கிற சட்டமே தொடரட்டும் என்று தன் ஓட்டைப் போட்டார். மசோதா விழுந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். தலைவர் கொறடா இருந்த திசையில்கூடப் பார்க்காமல் வெளியேறினார்.

கொறடா தன் அறைக்கு வந்து சேர்வதற்குள் போன் வந்துவிட்டது. தலைவரின் உதவியாளர் பேசினார். அறைச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். புதுக் கொறடாவின் பெயர் காலையில் வரும். சரி என்று சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஏழு வருஷத்துக்கு அதிகம் சாமான் இல்லை. ஒரு பிளாஸ்க், ஒரு சால்வை, தலைவலி மாத்திரை.

கதவு திறந்தது. குடைக்காரர். பின்னாலேயே கண்ணாடிக்காரம்மாவும் வந்து நிலைப்படியில் நின்றாள்.

“நீங்க வெளிய உக்காந்திருந்தீங்கன்னு இப்பத்தான் சொன்னாங்க,” என்றார் குடைக்காரர். “ஏங்க, இவங்கதான் எங்க பக்கம் போட்டுட்டாங்களே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஜோடியெல்லாம் வேண்டாம், நீங்க உள்ள போங்கன்னு நானே சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருப்பீங்கன்னு தெரியும்,” என்றார் கொறடா. “அதான் கேக்கல.”

குடைக்காரர் குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார். “பெரியவர் நல்லா இருக்கார். கல்லை எடுத்துட்டாங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் உள்ளே வந்து பிளாஸ்கை எடுத்துத் திறந்து முகர்ந்து பார்த்தாள். “இதைக் கழுவி எத்தனை நாளாச்சு?”

“உனக்கு வேற விஷயமே கிடைக்கலையா?”

“நீங்க உள்ள போவீங்கன்னுதான் நினைச்சேன்,” என்றாள் பிளாஸ்கை மூடிக்கொண்டே. “‘இல்லை’ பக்கம் ஒரு ஓட்டுல தோத்துடும்னுதான் எழுந்து போனேன்.”

“நானும் உள்ள போவேன்னுதான் நினைச்சேன்.”

“கொறடா வேலை போச்சு.”

“போச்சு.”

“வருத்தமா இருக்கா?”

அவர் யோசித்துப் பார்த்தார். “கொஞ்சம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்.”

“ஸ்குரூ டிரைவர் பிடிக்கக் கத்துக்கறீங்களா?”

“உன் கடையில வேலைக்குச் சேந்தா முதலாளியம்மா திட்டியே கொன்னுடுவாங்க,” என்றார். அவள் சிரித்தபடி சால்வையை மடிக்க ஆரம்பித்தாள்.

மறுபடியும் போன் அடித்தது. ஒரு பத்திரிகை நிருபர், இளம் குரல்.

“சார், கொறடாவோட மனைவியே கட்சிக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்காங்க. உங்க வீட்டு ஓட்டையே உங்களால காப்பாத்த முடியலையேன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. அதைப் பத்தி...”

வேண்டாம், வையுங்கள் என்று அவள் கையால் ஜாடை காட்டினாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

“முன்னாள் கொறடான்னு போட்டுக்கங்க தம்பி, அதுதான் சரி. கேள்விக்கு வர்றேன். அவங்களுக்கு இதே விஷயத்துல இது அஞ்சாவது ஓட்டு. முதல் நாலும் நான் சொல்லிப் போட்டது. இது அவங்களாப் போட்டது. குவாரித் தண்ணி விஷயத்தை அவங்க ஊர்ல விசாரிச்சுக்கங்க, பேக்கரிக்காரர் விவரமாச் சொல்லுவார். அப்புறம் இன்னொண்ணு, இதை விட்டுடாதீங்க. எதிர்க்கட்சிக்காரங்களுக்கெல்லாம் முன்னாடி ‘இல்லை’ அறைக்குள்ள முதல் ஆளாப் போனது அவங்கதான்.”

மறுமுனையில் பேனா ஓடி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“எழுதிட்டீங்களா?” என்று கேட்டார். “எங்க, ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க.”